கவிழ்க்கத் தெரிந்த கை

(பினாங்கு ஜார்ஜ்டவுன், சூலியா தெருவில் ஒரு மாடிக்கூடத்தில் சனிக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'போக்கரில் எந்தக் கையை ஆடுவது' என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டம்மா கேட்டார்: "பென்ஷன் வாங்கற கணக்கு வாத்தியாருக்கு இது தேவையா?" நியாயமான கேள்விதான். வள்ளுவர் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கிவைத்தவர். அதில் ஜெயித்தவனையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆடுவதும் சொல்லிக்கொடுப்பதும் கச்சாங் பூத்தே கடலையை வைத்துத்தான். என் மேசைக்குக் காசு வராது. சூதாட்ட விடுதி நடத்துவதும் அங்கே போய் ஆடுவதும் குற்றம் என்று இந்த நாட்டில் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடலைக்கு அந்தக் கவலை இல்லை. தோற்றால் பசி, ஜெயித்தால் வயிற்றுப்பொருமல், அவ்வளவுதான்.

இது தொடங்கிய கதையைச் சொல்கிறேன். முதுகில் பையைச் சுமந்து வரும் வெள்ளைக்காரப் பயணிகளுக்குச் சூலியா தெரு எவ்வளவு பழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். அவர்கள் தங்கும் ஒரு விடுதியில் என் பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி வேலை பார்க்கிறான். வேலை ஓய்ந்த நேரத்தில் பயணிகளோடு உட்கார்ந்து பிளாஸ்டிக் வில்லை வைத்துப் போக்கர் ஆடுவான். கடைசியில் தோற்றவர் எல்லாருக்கும் வாந்தான் மீ வாங்கித்தர வேண்டும். மூன்று மாதமாகப் பெரும்பாலும் இவன்தான் வாங்கித் தந்திருக்கிறான். "சார், எனக்குச் சீட்டே வர மாட்டேங்குது" என்று வந்து நின்றான்.

ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு ராத்திரி மட்டும் எத்தனை கை வந்தது, எத்தனை கை ஆடினாய் என்று கோடு போட்டு வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான். வந்தது 40, ஆடியது 31.

அவனுக்குச் சீட்டு வராமல் இல்லை. வந்ததையெல்லாம் வைத்துக்கொண்டான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று உலகமெல்லாம் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. அதைப் பார்த்ததும் ஒரு சுற்றுப் பந்தயம். பிறகு நடுவில் மூன்று சீட்டு எல்லாருக்கும் பொதுவாக மலர்த்தப்படும். அதற்கு ஃபிளாப் என்று பெயர்; நம் சினிமாக்காரர்கள் சொல்லும் ஃபிளாப் வேறு, இது வேறு. அதன்பின் ஒன்று, அதன்பின் இன்னொன்று. கையில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள ஐந்துமாக ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவருக்குக் குவியல். என் பேச்சு முழுக்க அந்த முதல் இரண்டு சீட்டைப் பற்றியது. நடுச் சீட்டு வரும் முன்னாலேயே, இருப்பதா கவிழ்ப்பதா என்று முடிவு செய்யும் அந்த ஐந்து விநாடியைப் பற்றியது.

அந்த ஐந்து விநாடி தமிழனுக்குப் புதிதல்ல. ரம்மி ஆடியவர்கள் கை தூக்குங்கள். பாதிப்பேர் பொய் சொல்கிறீர்கள், பரவாயில்லை. நூற்றொன்று ஆட்டத்தில் பதின்மூன்று சீட்டை விரித்துப் பார்த்ததும் 'ஸ்கூட்' என்று வைத்துவிட்டால் 20 பாயிண்டோடு போகும். ஒரு சீட்டை எடுத்தபிறகு வைத்தால் 40. கடைசிவரை உட்கார்ந்து சேராமல் மாட்டினால் 80. நம் பாட்டன்கள் கண்டுபிடித்துவைத்த விலைப்பட்டியல் இது: உடனே விட்டால் இவ்வளவு, யோசித்து விட்டால் இரண்டு பங்கு, விடவே தெரியாவிட்டால் நான்கு பங்கு. ஐந்து முறை ஸ்கூட் விட்டாலும் 100-தான் ஆகும், ஆட்டத்தில் இருக்கலாம். 81-ஐ எட்டிவிட்டவருக்கு ஸ்கூட் விடும் உரிமையே போய்விடுகிறது. எந்தக் குப்பைக் கை வந்தாலும் ஆடியே ஆகவேண்டும். கல்லூரி விடுதியில் ஒரு தீபாவளி விடுமுறை முழுக்க நான் அந்த 81-க்கு மேலேதான் குடியிருந்தேன். என்னைப் போலத் தலையெழுத்து கெட்டவன் உண்டா என்று அப்போது நினைத்தேன். ஸ்கூட் விட வேண்டிய கைகளை மானத்துக்காக ஆடியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று புரியப் பல வருடம் ஆயிற்று.

இலங்கைத் தமிழர்கள் ஆடும் முந்நூற்று நாலு இன்னும் நெருக்கம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76. நான்கு ஜாதிக்கும் சேர்த்து 304, அதுதான் பெயர். அதில் எட்டுச் சீட்டையும் ஒரேயடியாகத் தரமாட்டார்கள். முதலில் நான்குதான். அந்த நான்கைப் பார்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும், துருப்பு வைக்க வேண்டும். பாதியைப் பார்த்து முழுதுக்கு விலை சொல்லும் பழக்கம் அந்த ஆட்டக்காரர்களுக்கு உண்டு. அவர்களில் ஒருவரைப் போக்கர் மேசையில் உட்காரவைத்தால் ஒரே வாரத்தில் தேறிவிடுவார்.

மங்காத்தா ஆடிப் பழகியவர் தேறமாட்டார். உள்ளேயா வெளியேயா என்று கட்டிவிட்டால் பிறகு அவருக்கு வேலையே இல்லை.

இடையில் ஒரு சின்னக் கிளைக்கதை. சீட்டுக்கட்டில் ஆட்டின் என்கிறோமே, அது டச்சுக்காரரின் 'ஹார்ட்டன்'. கிளாவர் அவர்களுடைய 'கிளாவர்' தான். துருப்பு அவர்களுடைய 'ட்ரூஃப்'. யாழ்ப்பாணத்தில் சொல்லும் இஸ்கோப்பன் அவர்களுடைய 'ஸ்கோப்பன்'. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்த ஊர். அந்தக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குத்தான் சூலியா என்று பெயர். கிங் தெரு முனையில் நாகூர் தர்கா நிற்பதே யார் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி. அவர்களுடைய துணிமூட்டைக்குள் இந்தச் சொற்களும் கப்பலேறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. சூதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. கம்பெனி ஆட்சியின் தொடக்க நாட்களில் அபின் குத்தகை, சாராயக் குத்தகையோடு சூதாட்டக் குத்தகையும் அரசாங்க வருமானமாக இருந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். 52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழி இருக்கிறது. ஜோடி வருவது அதில் 78 வழி, அதாவது 17 கைக்கு ஒருமுறை. ஏஸ் ஜோடி மட்டும் ஆறே வழி: 221 கைக்கு ஒருமுறை. பையன் இதைக் கேட்டதும், "அப்ப ஏஸ் ஜோடிக்காகவே காத்திருக்கலாமே சார்" என்றான். எல்லாப் புது மாணவனும் ஒரு மூலையிலிருந்து நேரே எதிர் மூலைக்குத்தான் ஓடுவான்.

காத்திருக்கவும் வாடகை உண்டு. ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கட்ட வேண்டும். அதற்குப் பெயர் பிளைண்ட். ஒன்பது பேர் மேசையில் ஒருவர் ஒரு கடலையும் அடுத்தவர் இரண்டு கடலையும் வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் உங்களிடமிருந்து மூன்று கடலை போய்விடும். 221 கை காத்திருந்தால் கிட்டத்தட்ட 74 கடலை. அத்தனை நேரம் சிலை மாதிரி இருந்துவிட்டு திடீரென்று நீங்கள் பந்தயத்தை ஏற்றினால் மற்ற எட்டுப் பேரும் முட்டாள்களா? எல்லாரும் கவிழ்த்துவிடுவார்கள். 74 செலவழித்து மூன்றைச் சம்பாதிப்பீர்கள்.

வந்த ஏஸ் ஜோடியையும் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். எதிரே ஒரே ஆள், எந்தச் சீட்டென்று தெரியாது என்றால், நூற்றுக்கு 85 முறை ஏஸ் ஜோடி ஜெயிக்கும். பத்துப் பேர் மேசையில் எதிரே உள்ள ஒன்பது பேரையும் கடைசிவரை உட்காரவைத்தால் 31 முறைதான். பலமான கை வந்தால் சத்தமில்லாமல் இருந்து எல்லாரையும் உள்ளே இழுக்கலாம் என்று தோன்றும். கூடாது. விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைக்க வேண்டும்.

ஆனால் ஏஸ் ஜோடியாலோ, வெறும் ஏழும் இரண்டுமாக வரும் குப்பையாலோ யாரும் குடிமுழுகிப் போவதில்லை. முன்னதை ஆட வேண்டும், பின்னதைக் கவிழ்க்க வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். ஆளை அடிப்பது நடுவில் இருக்கும் அழகான கைகள்தான். இன்று நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன், நம்புவது கஷ்டம். எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருக்கிறது. உங்களிடம் ஏஸும் ராணியும். ஏறக்குறைய அதே கை, ஒரு படிதான் கீழே. நூறு முறை ஆடினால் உங்கள் பங்குக்கு 25, 26 தேறும். இப்போது உங்கள் ஏஸ்-ராணியைப் பிடுங்கிக்கொண்டு, ஆட்டத்திலேயே மட்டமான ஏழு-இரண்டை வேறு வேறு ஜாதியில் கொடுக்கிறேன். அதே ஏஸ்-ராஜாவுக்கு எதிராக நூற்றுக்கு 32, 33 தேறும். குப்பை மேல்! காரணம் எளிது. ஏஸ்-ராணிக்காரருக்கு உதவ வரும் ஏஸ் எதிராளிக்கும் சேர்த்துத்தான் வரும். ஏழு வந்தால் அது உங்களுக்கு மட்டும்.

இதை வைத்துக்கொண்டு ஏழு-இரண்டை ஆடப் போய்விடாதீர்கள். எதிராளியிடம் எப்போதும் ஏஸ்-ராஜாவே இருக்கப்போவதில்லை. நான் சொல்வது, உங்கள் கை எவ்வளவு அழகு என்பது பாதிக் கேள்வி. உங்களோடு பந்தயம் கட்ட முன்வருபவரின் கைக்கு எதிரே அது எங்கே நிற்கும் என்பதுதான் மீதி.

பையனுக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். தலையாட்டினான். தலையாட்டும் மாணவனை நான் முப்பது வருடமாக நம்பியதில்லை. மறுநாள் ராத்திரி என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். நான் சீட்டைக் கலைத்தேன், அவன் வெட்டினான். எனக்கு இஸ்பேடு ஏஸ், கிளாவர் ராஜா. ஆறு கடலை ஏற்றினேன். மூன்று பேர் கவிழ்த்தார்கள். இவன் தன் இரண்டு சீட்டின் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தான், மூச்சை இழுத்துப் பிடித்தான், ஆறு கடலையை எண்ணி வைத்தான்.

நடுவில் ஆட்டின் ராஜா, கிளாவர் எட்டு, டைமன் மூன்று. அவன் காது சிவந்தது. நான் பத்து வைத்தேன், அவனும் பத்து வைத்தான். அடுத்து இஸ்பேடு ஐந்து. நான் இருபது, அவனும் இருபது. கடைசியாகக் கிளாவர் ராணி. மிச்சம் இருந்ததையெல்லாம் கிண்ணத்தோடு தள்ளினான். மலர்த்தினோம். அவனிடம் டைமன் ராஜாவும் இஸ்பேடு ஜாக்கியும். ராஜா ஜோடி இரண்டு பேருக்கும்தான். பக்கத்துணைக்கு என்னிடம் ஏஸ், அவனிடம் ஜாக்கி. நடுவில் ராஜா விழுந்த அந்த நொடியிலிருந்து, கட்டில் மிச்சமிருந்த மூன்று ஜாக்கிகளைத் தவிர அவனுக்குப் பெரிதாக வழி எதுவும் இருக்கவில்லை.

"ராஜா வந்துச்சே சார், எப்படி விடுறது?" என்றான்.

அவன் தப்பு ராஜா வந்தபிறகு நடக்கவில்லை. ராஜா ஜோடியை அந்த நேரத்தில் யாராலும் விட முடியாது, என்னாலும் முடியாது. மேசையில் முதல் ஆளாகப் பேசி விலையை ஏற்றிய ஒருவனுக்கு எதிரே ராஜா-ஜாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தானே, அங்கே நடந்தது தப்பு. அந்த ஆறு கடலையை வைக்காமலே முடித்திருக்க வேண்டியது கிண்ணத்தோடு போயிற்று.

இதில் உட்காரும் இடமும் முக்கியம். ஒன்பது பேரில் முதலில் பேசுபவருக்குப் பின்னால் எட்டுப் பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். கடைசியில் பேசுபவருக்கு முன்னால் உள்ள பலர் அநேகமாகக் கவிழ்த்திருப்பார்கள். ஆகவே ஒரே கை முதல் இடத்தில் குப்பை, கடைசி இடத்தில் சரக்கு. பையனுக்கு நான் எழுதிக்கொடுத்த சீட்டு இதுதான். முதல் இடத்தில்: பத்து ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே ஜாதியாக இருந்தால் மட்டும் ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி. எண்ணிப்பார்த்தால் 1,326-இல் 70 வழி, 19 கைக்கு ஒன்று. கடைசி இடத்தில், எனக்கு முன்னால் யாரும் விலையை ஏற்றவில்லை என்றால்: எந்த ஜோடியும், ஒரே ஜாதி ஏஸ் எதுவும், கலப்பாக இருந்தால் ஏஸோடு பத்துக்குக் குறையாத சீட்டு, ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி, அதன்பின் ராஜா-பத்து, ராணி-ஜாக்கி, ராணி-பத்து, ஜாக்கி-பத்து, பத்து-ஒன்பது, ஒன்பது-எட்டு ஒரே ஜாதியில். இது 230 வழி, ஆறு கைக்கு ஒன்று. பெரிய ஆட்டக்காரர்கள் இதைவிட நிறையக் கைகளை ஆடுகிறார்கள். அவர்கள் ஆடட்டும்.

'ஒரே ஜாதி' என்றதும் இளைஞர்களுக்கு ஒரு மயக்கம் வரும். இரண்டு ஆட்டின் கிடைத்துவிட்டால் ஐந்தும் ஆட்டினாகிவிடும் என்று கனவு. நடுவில் விழும் முதல் மூன்றும் அதே ஜாதியாக விழுவது 119 முறைக்கு ஒருமுறை. ஒரே ஜாதி என்பதால் ஒரு கைக்குக் கூடும் பலம் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். சீட்டிலும் ஜாதி கொடுப்பது அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நகர்கிறேன்.

டோயில் பிரன்சன் கதையைச் சொல்லாமல் விட்டால் கேள்வி நேரத்தில் யாராவது கேட்பீர்கள். லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் போட்டியை 1976-இல் ஜெயித்தார், கடைசிக் கையில் அவரிடம் இருந்தது பத்தும் இரண்டும். 1977-இல் மறுபடி ஜெயித்தார், கடைசிக் கையில் மறுபடி பத்தும் இரண்டும். இன்றுவரை அந்தக் கைக்கு அவர் பெயர்தான். என் பட்டியலில் அந்தக் கை எந்த இடத்திலும் இல்லை. போட்டியின் கடைசியில் எதிரே ஒரே ஒருவர்தான் இருப்பார், பிளைண்ட் ஏறியிருக்கும், அப்போது பாதிக் கைகளை ஆடியே ஆகவேண்டும். இந்தப் பின்னணியெல்லாம் கதையில் வருவதில்லை. பிரன்சன் கவிழ்த்த பத்து-இரண்டுகளை யாரும் எண்ணி வைக்கவும் இல்லை.

எண்ணுவது என்றதும் நளன் நினைவுக்கு வருகிறான். சூதில் நாட்டை இழந்தவன், இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக வேலை பார்க்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். தான்றிக்காய்தான் அந்தக் காலத்துச் சூதுக்காய், கவனியுங்கள். இருதுபன்னன் இரண்டு கிளைகளைப் பார்த்துவிட்டு இத்தனை இலை, 2,095 காய் என்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த வித்தையைக் கற்றுக்கொண்ட பிறகுதான், முன்பு தன்னைச் சூதில் வென்ற புட்கரனை மறுபடி ஆட அழைக்கிறான். இயன் ஹாக்கிங் என்ற கனடாத் தத்துவவாதி நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய 1975-ஆம் ஆண்டு நூலில் இந்தக் கதையை எடுத்துச் சொல்கிறார். தருமனுக்கு அந்த வித்தையும் இல்லை, 'இந்தக் கை வேண்டாம்' என்று சொல்லும் துணிவும் இல்லை. அழைத்தால் மறுக்க மாட்டேன் என்பது அவனுக்கு விரதம். சகுனிக்கு வேறென்ன வேண்டும்?

மறுப்பதே தொழிலாக இருந்தவர்களும் நம்மிடம் உண்டு. பக்கத்துப் பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த செட்டியார்களுக்கு, கடன் கேட்டு வந்தவர்களில் யாருக்கு இல்லை என்பது என்பதில்தான் லாபம் இருந்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, தமிழ்நாட்டுச் செய்தி படிப்பவர்களுக்காக. 1967 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில், ரம்மி திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதிலும், எதை வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்பதிலும் திறமை வேண்டும் என்று காரணம் சொன்னது. மூணு சீட்டை அதிர்ஷ்டம் என்று அதே தீர்ப்பு தள்ளிவிட்டது. 2022-இல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய இணையச் சூதாட்டச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது; 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை மட்டும் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் காசு வைத்து ஆடுவதே கூடாது என்று முடித்துவிட்டது. தூக்கம் கெட்டுக் கைப்பேசியில் வீட்டை அழித்தவர்களின் கதைகளைப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை. கைப்பேசி ஆட்டத்தில் ஒரு கை கவிழ்ந்த மறுநொடி அடுத்தது வந்துவிடும். சும்மா உட்காரும் நேரமே அதில் கிடையாது.

மேசையில் அந்தச் சும்மா உட்காரும் நேரம்தான் பாடம். மணிக்கு இருபத்தைந்து கை வருகிறது என்றால், நான் சொன்னபடி ஆடுபவர் தாராளமாகப் பார்த்தாலும் நான்கு ஆடுவார். மற்ற இருபத்தொன்றில் கையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவர் எதை வைத்து ஏற்றுகிறார், எப்போது விடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பையனுக்குக் கணக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அந்த இருபத்தொன்றுதான் வரவில்லை. கால் ஆட்டினான், கைப்பேசியை எடுத்தான், கிண்ணத்துக் கடலையைத் தின்று முதலைக் கரைத்தான்.

போன வாரம் அவன் முறை, முதல் இடம். சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். ஒருமுறை என்னைப் பார்த்தான். பிறகு இரண்டையும் கவிழ்த்துத் தள்ளிவிட்டான். மற்ற இருவர் ஆடினார்கள். நடுவில் மூன்று சீட்டு மலர்ந்தது: ராஜா, ராஜா, ஜாக்கி. அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். நான் கேட்கவேயில்லை, தான் கவிழ்த்ததை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினான். ராஜா, ஜாக்கி.

"பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன். எடுத்ததை வை, அடுத்த கையைப் போடு."